செவ்வாய் வரைக்கும் தூதரகம்

கேள்வி: வெளிநாட்டில் தவிக்கும் இந்தியர்களுக்காக உண்மையிலேயே கவலைப்பட்ட பெண் அரசியல்வாதி யார்?

பதில்: சந்தேகமென்ன, சுஷ்மா ஸ்வராஜ்தான். 2014 முதல் 2019 வரை வெளியுறவு அமைச்சர். அதற்கு முன் அந்த நாற்காலி என்றாலே கைகுலுக்கல், கூட்டறிக்கை, குழு போட்டோ. பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர் ட்விட்டரில் புலம்பினால் அமைச்சரே பதில் போடுவார் என்பதெல்லாம் இவர் வந்த பிறகுதான். செவ்வாய் கிரகத்தில் சிக்கிக்கொண்டாலும் அங்குள்ள இந்தியத் தூதரகம் உதவும் என்று 2017-ல் ஒருவருக்குப் பதில் சொன்னார். (அங்கேயும் டோக்கன் வாங்கி உட்காரச் சொல்வார்களோ என்னவோ!) விட்டால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் தன் ஃபிரிட்ஜ் பழுதென்று முறையிட்டார். துன்பத்தில் இருக்கும் மனிதர்களைக் கவனிக்கவே நேரமில்லை தம்பி என்று நாசூக்காகக் கழற்றிவிட்டார் அம்மையார்.

வெறும் ட்வீட்டோடு நிற்கவில்லை. 2014-ல் இராக்கின் திக்ரித்தில் மாட்டிக்கொண்ட 46 நர்சுகள் பத்திரமாகக் கொச்சி வந்து இறங்கினார்கள். 2015-ல் ஏமன் போரிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை மீட்டார்கள். போகிறபோக்கில் பிறநாட்டவர் பல நூறு பேரையும் ஏற்றிக்கொண்டார்கள்.

கறை இல்லாமலில்லை. இராக்கின் மோசூலில் கடத்தப்பட்ட 39 இந்தியத் தொழிலாளர்கள் இறந்ததற்கு ஆதாரமில்லை என்றே வருடக்கணக்கில் சொல்லிவந்தார். 2018 மார்ச்சில்தான் நாடாளுமன்றத்தில் அவர்கள் இறந்ததை அறிவித்தார். குடும்பங்களுக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. டிவி பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அதை மன்னிக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் அந்த நாற்காலிக்கு அவரைவிடப் பொருத்தமானவரை நான் பார்த்ததில்லை.