பழைய மாணவர்

நகராட்சி மேல்நிலைப் பள்ளியின் வளாகத்தை மூன்று கட்டங்களாக இடித்துக் கட்டுவதென்று தீர்மானமாகி, அதுபற்றி ஊராரின் அபிப்பிராயத்தைக் கேட்பதற்காக ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்து அறிவித்துச் சென்றால், ஒன்பதரை மணிக்கே வந்து, முதல் வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலியைத் துண்டால் தட்டி அமர்ந்திருப்பவர் யார் என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்பதில்லை. அவர்தாம் பழைய மாணவர். பெயர் சொல்லி அவரை நான் சிறுமைப்படுத்த மாட்டேன்; நூறாண்டு நெருங்கிய பள்ளி எதுவாயினும் அதற்கொரு பழைய மாணவர் உண்டு, அவருக்கு இந்த வர்ணனை ஏறக்குறையப் பொருந்தவும் பொருந்தும்.

அவருடைய பிள்ளைகள் இந்தப் பள்ளியில் படித்ததில்லை. பேரக் குழந்தைகளோ தினமும் காலையில் மஞ்சள் வண்டியேறி, பைபாஸ் சாலையோரத்தில் குளிரூட்டிய வகுப்பறைகளை விளம்பரப்படுத்தும் வேறொரு கல்வி ஸ்தாபனத்துக்குச் செல்கிறவர்கள். ஆகவே, சொந்தப் பிள்ளை படிக்கிறானே என்ற சுயநலம் துளியும் கலவாத நிஷ்காம்ய பக்தியோடு நகராட்சிப் பள்ளியின் க்ஷேமத்தைக் கவனிக்க அவரால் முடிகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை அந்தக் குழுவே தயாரிக்க வேண்டும் என்றெல்லாம் விதித்திருக்கிறது. எஞ்சிய கால் பங்கில் தமக்கு இடம் உண்டா என்று அவர் விசாரித்ததே கிடையாது. சட்டம் நேற்று வந்தது. அவர் அதற்கு முன்பே வந்தவர்.

அவருடைய பாத்தியதை 1958ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. காமராஜர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறையின் இயக்குநராகவும் இருந்த அந்த நாளில், ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கி, ஜனங்கள் தாங்களாகவே முன்வந்து பெஞ்சும் நாற்காலியும் நிலமும் பணமும் வழங்கினார்கள் அல்லவா? எங்கள் ஊரில் அத்தகைய மாநாடு கூடியபொழுது, பழைய மாணவரின் பாட்டனார், மணியடிப்பதற்கென்று ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டை வழங்கினாராம். ரயில்வேயின் சொத்து ஒரு தனி மனிதரின் உபயமாக எவ்வாறு மாறிற்று என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. அந்தத் துண்டு இப்பொழுதும் வேப்ப மரக் கிளையில் தொங்குகிறது. மின்சார மணி வந்த பிறகு அதை அடிப்பது, மின்சாரம் போகும் வேளைகளில் மட்டுந்தான். ஆகவே அடிக்கடி அடிக்கிறார்கள்.

கூட்டத்துக்கு வருவோம். பொதுப்பணித் துறையின் உதவிப் பொறியாளர், மீசை இன்னும் சரியாக அரும்பாத இளைஞர், சுவரில் பிளானை ஒட்டி விளக்கத் தொடங்கினார். கட்டம் கட்டமாகக் கட்டுவதில் உள்ள சங்கடம், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எளிதில் புலப்படுவதில்லை. கட்டுவது சுலபம், எண்ணூறு பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கையில் கட்டுவதுதான் கடினம். கிழக்குக் கட்டடத்தை இடித்தால் அதிலுள்ளவர்கள் எங்கே போவது? விளையாட்டு மைதானத்தில் முதலில் புதிதாகக் கட்டிவிட்டு அவர்களை அங்கே மாற்றலாமென்றால், பிறகு மைதானம் எங்கே போவது? ஐப்பசி கார்த்திகையில் அஸ்திவாரக் குழி குளமாகிவிடும். மார்ச் மாதத்தில் பொதுத் தேர்வெழுதும் பிள்ளைகளின் காதருகே கான்கிரீட் கலக்கும் இயந்திரத்தை ஓட்ட முடியாது. நிதியோ மார்ச் 31க்குள் செலவாக வேண்டும். ஓய்ந்திருக்கும் மே மாதத்திலோ தேர்தல் வந்துவிட்டால், பள்ளியே வாக்குச்சாவடி, நடத்தை விதி அமலில் இருக்கும்வரை புதிய வேலை எதையும் தொடங்கவும் கூடாது. இத்தனை முடிச்சுகளையும் அவிழ்த்து, முதற்கட்டத்தில் கிழக்குக் கட்டடத்தை இடித்து வகுப்பறைகள், இரண்டாவதில் தென்மேற்கு மூலையில் ஆய்வுக்கூடங்கள், மூன்றாவதில் கழிப்பறையும் சுற்றுச்சுவரும் என்று அந்த இளைஞர் வரிசைப்படுத்தியிருந்ததை நான் வியப்போடுதான் கேட்டேன்.

பழைய மாணவர் எழுந்தார்.

"ஒரே ஒரு விஷயம் கேட்கலாமா தம்பி? பிளானில் மணி எங்கே?"

இளைஞர் பிளானைப் பார்த்தார், தலைமையாசிரியையைப் பார்த்தார், மறுபடி பிளானைப் பார்த்தார். படிக்கட்டு இரண்டு இருந்தன, சாய்தளம் இருந்தது, தீயணைக்கும் வாளிகளுக்குக்கூட இடம் குறித்திருந்தது. மணி இல்லை. கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டார், பந்தியில் வைத்த இருபது பதார்த்தங்களையும் விட்டுவிட்டு, வராத ஓர் அப்பளத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அடையும் ஆனந்தம் அவர் வதனத்தில் பரவிற்று. மணியை முதற்கட்டத்தில் மாட்டுவதா, மூன்றாம் கட்டம் முடிந்து மாட்டுவதா, இடைக்காலத்தில் அது யார் பொறுப்பில் இருக்கும் என்பவற்றைக் குறித்து அரைமணி நேரம் ஆலோசனை நடந்தது. முடிவில், வேப்ப மரமே எந்தக் கட்டத்திலும் வெட்டப்படாது என்று தெரியவந்தது.

அடுத்தாற்போல் கிழக்குக் கட்டடத்துக்காகப் பரிந்து பேசினார். பேசினார் என்பது குறைவு; உபந்நியாசம் செய்தார் என்பதே தகும். தேக்கு உத்தரங்களின் மீது மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்த்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்துப் பெண்கள் வரிசையாக அமர்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய அந்தக் கால மதராஸ் தளத்தின் மகிமையை அவர் எடுத்துரைத்த விதம் உண்மையிலேயே நேர்த்தியானது. சித்திரை வெயிலில் அதன் கீழே உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. உத்தரங்கள் செல்லரித்துவிட்டன என்று பொறியாளர் தெரிவித்தபொழுது, "அந்தக் காலத்துச் செல்லுக்கே அதைத் தின்ன முடியவில்லையே!" என்று அவர் திருப்பிக் கேட்டது தர்க்கமாகாது எனினும், கைதட்டல் பெற்றது.

அந்தக் கைதட்டல்தான் அவரை வழுக்கிவிட்டது. இடிக்கத்தான் வேண்டுமென்றால், அதுவரை பிள்ளைகளுக்குத் தகர ஷெட் எதற்கு, காற்றோட்டமாக ஒரு கீற்றுக்கொட்டகை போட்டால் போதாதா, தாங்களெல்லாம் அதில் படித்து ஆளாகவில்லையா என்று அவர் கேட்டார்.

தலைமையாசிரியை உட்கார்ந்தபடியே, "கும்பகோணம், சார்" என்றார்.

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி, சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக்கூரைக்குத் தாவித் தொண்ணூற்று நான்கு குழந்தைகளைக் கொண்டுபோன அந்த ஊரின் பெயரை அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பழைய மாணவர் உட்கார்ந்தார். அவர் பேச்சைப் பிறர் நிறுத்தி நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

அந்த நிசப்தத்தில்தான், பின்வரிசையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்த ஒரு தாய்க்குப் பேச வாய்ப்புக் கிட்டியது. "கட்டடத்தை எப்ப வேணா கட்டுங்க சார். பொம்பளப் புள்ளைங்க கக்கூசுக்குக் கதவும் தாழ்ப்பாளும் மொதல்ல போட்டுக் குடுங்க. எம்மவ காலையில போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் போவுறா. அதுக்காகத் தண்ணியே குடிக்கிறதில்ல" என்றாள். பேசி முடிக்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். அன்று அந்த மண்டபத்தில் பேசப்பட்டவற்றுள் பிளானை மாற்றும் வலிமை கொண்ட சொற்கள் அவைதாம் என்பது என் அபிப்பிராயம்.

பழைய மாணவர் பரிவோடு திரும்பிப் பார்த்தார். "அம்மா, நீங்கள் சொல்வது மூன்றாம் கட்டம். நாம் இன்னும் முதல் கட்டத்துக்கே வரவில்லை."

நல்லவேளையாகத் தலைமையாசிரியை கட்டங்களுக்குப் பயந்தவர் அல்லர். கழிப்பறையை முதற்கட்டத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்று அங்கேயே எழுதி, பெற்றோர்களிடம் கையொப்பமும் வாங்கிக்கொண்டார். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் அந்தத் தாயின் பேச்சு ஒரு வரியாகவும், பழைய மாணவருடையது மூன்று பக்கங்களாகவும் பதிவாகியிருக்கின்றன. மூன்று பக்கங்களின் முடிவிலும் 'பரிசீலிக்கப்படும்' என்ற சொல் இருக்கிறது.

கூட்டம் முடியும் தறுவாயில், நன்றியுரை கூறுபவர் எழுந்துவிட்ட பிறகு, பழைய மாணவரும் மீண்டும் எழுந்தார். தென்மேற்கு மூலையைப் பற்றி ஒரு வார்த்தை என்றார். அந்த வார்த்தைக்கு முன்னுரையாக, தாம் எட்டாம் வகுப்பில் படித்த காலத்து டிரில் மாஸ்டரின் குணாதிசயங்களையும், அவர் அணிந்த காக்கி அரைக்கால் சட்டையின் மொடமொடப்பையும், கபடிப் போட்டியில் பக்கத்து ஊர்ப் பள்ளியார் செய்த அநீதியையும் விவரித்துக்கொண்டிருந்தார். அதற்குள் சமோசாவும் தேநீரும் வந்துவிட்டபடியால், சபையோரின் கவனம் திரும்பிவிட்டது; ஒலிபெருக்கிக்காரர் நாட்டுப்பண்ணைப் போட்டுவிட்டார். எல்லோரும் அசையாமல் நிற்க, பழைய மாணவரும் சொல்ல வந்ததை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

முதற்கட்டம் சிரமமின்றி முடிந்தது. கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் வந்தது. இரண்டாம் கட்டத்துக்கு மண்ணைப் பரிசோதிக்கத் துளையிட்ட இடத்தில் எல்லாம் சரியாகவே இருந்ததாம். ஆனால் அதற்கு இருபதடி தள்ளி, ஒரு தூணுக்குக் குழி தோண்டிய ஜேசிபியின் முன்சக்கரம் பொலபொலவென்று உள்ளே இறங்கிற்று. தோண்டிப் பார்த்தால் வட்டமான செங்கல் சுவர். உள்ளே குப்பையும் ஓட்டாஞ்சில்லும் உடைந்த பெஞ்சுக் கால்களுமாக அரைகுறையாகத் தூர்த்த ஒரு பெரிய கிணறு. வேலை நின்றது. ஆய்வுக்கூடத்தை வடக்கே நகர்த்த வேண்டும். எஸ்டிமேட்டைத் திருத்த வேண்டும். மேலிடத்தின் ஒப்புதலை மறுபடி பெற வேண்டும். டிரில் மாஸ்டர் மாணவர்களை வரிசையாக நிறுத்திக் குளிப்பாட்டிய கிணறு அது என்பது, பழைய மாணவரைத் தவிர ஊரில் உயிரோடிருக்கும் எவருக்கும் ஞாபகமில்லை.

உதவிப் பொறியாளர் மறுநாள் மாலை அவருடைய வீட்டுக்கே சென்றார். திண்ணையில் உட்கார வைத்துக் காபி கொடுத்து உபசரித்தார் பெரியவர். இளைஞர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்த வளாகத்தில் வேறெங்கேனும் மண்ணுக்கடியில் ஏதாவது இருக்கிறதா என்று மிகவும் தணிந்த குரலில் வினவினார்.

பழைய மாணவர் கண்ணை மூடிச் சற்று நேரம் யோசித்தார்.

"இருக்கிறது தம்பி, இருக்கிறது. இப்படித் திண்ணையில் வைத்துச் சொல்லுகிற விஷயமா அது? ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் போடுங்கள், வந்து சொல்லுகிறேன்."