யாழ்ப்பாணத்துப் படிப்பிடம்: அமைவும் இயல்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளில் படிப்பிடம் எனப்படுவது, பிள்ளை படிக்கிறதா இல்லையா என்பதைக் குசினியில் நிற்கும் தாய் அடுப்பை விட்டு நகராமலே அறியக்கூடிய இடமாகும். மேசை, கதிரை, வெளிச்சம், தனியறை ஆகியனவும் இதன் உறுப்புகளாகச் சொல்லப்படுவதுண்டு. அவை இல்லாமலும் பலர் டொக்டர் ஆகியிருப்பதால் அவற்றை இன்றியமையாதவை எனக் கொள்வதற்கில்லை. இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால் பகலைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொள்ளும். பின்னேரம் ரியூசனுக்குப் போய்விடும். எஞ்சிய விடியப்புறமும் இரவுமே இவ்விடத்தின் ஆட்சிக்காலம்.

இதன் மூதாதை திண்ணை. வாத்தியாரின் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, உரத்துச் சொல்லிப் பாடமாக்கினர். வீட்டை விட்டுப் பிரித்தால்தான் பிள்ளை உருப்படும் என்ற எதிர்க்கொள்கையை அமெரிக்க மிசனரிமார் கொண்டுவந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறியும், 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும் தங்கிப் படிக்கும் இடங்களாகவே தொடங்கின. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பின்னர் ஊர்தோறும் பள்ளிக்கூடங்கள் பெருகின. பிள்ளை பின்னேரம் வீடு திரும்பத் தொடங்கியது. திரும்பிய பிள்ளையை எங்கே இருத்துவது என்ற வினா அன்று எழுந்தது.

முன்விறாந்தை காற்றோட்டமானது. ஆயினும் வருவோர் போவோர் எல்லாம் அங்கேதான் கதிரை இழுத்துப் போடுவர். “படிக்கிற பிள்ளையைக் குழப்பக்கூடாது” என்று சொல்லிக்கொண்டே அரைமணி நேரம் குழப்புவது இவர்களது இயல்பு. உள்ளறை அமைதியானது, அதனாலேயே ஐயத்துக்குரியது. சாத்திய கதவுக்குப் பின்னால் நடப்பது படிப்பு என்பதற்குச் சான்றில்லை. கிழக்கோ வடக்கோ பார்த்திருந்து படித்தல் நன்று என்பர். அத்திசையில் சுவர் இருந்தால் சிறப்பு, யன்னல் இருந்தால் அயல்வீட்டு மாமரத்தில் மாங்காய் எத்தனை என்பதே முதற் பாடமாகிவிடும். சோளகக் காற்றுக் காலத்தில் கொப்பியின் மேல் ஒரு கல் தேவை. கோயில் ஒலிபெருக்கிக்குப் பரிகாரம் இல்லை. ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை நடந்த ஆண்டுகளில் பல ஊர்ப் பிள்ளைகள் பௌதிகத்தைத் திருவிழா நாதஸ்வரத்தோடு சேர்த்தே கற்றனர்.

ஒலியே இவ்விடத்தின் அளவுகோல். “சத்தமாய்ப் படி” என்பது குசினியிலிருந்து வரும் நிலையான கட்டளை. சத்தம் நின்றால் அகப்பையும் ஒருகணம் நிற்கும். இதற்குப் பிள்ளைகள் கண்டுபிடித்த மாற்று, ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. இரசாயனவியல் ஒருநாளும் படியாத தாய்மாரும் ஒட்சியேற்றம் மூன்றாம் முறை வரும்போது கண்டுகொள்வர் என்பது இத்துறையின் விளங்காத புதிர்களில் ஒன்று.

வெளிச்சத்தின் வரலாறு தனியே நோக்கத்தக்கது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் அரிதாயிற்று. அப்போது பிறந்தது ஜாம் போத்தல் விளக்கு. வெறும் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையுமளவு எண்ணெய், கம்பியில் செருகிய சிறு திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும். கண்ணாடியே சிமினியாகிக் காற்றைத் தடுக்கும். தலையைக் குனிந்தால் முன்மயிர் பொசுங்கும், நிமிர்ந்தால் எழுத்துத் தெரியாது. இதனால் அக்காலப் படிப்பிடம் சுவர்களால் அல்லாது ஒளிவட்டத்தால் எல்லை வகுக்கப்பட்டது. வட்டத்தின் நடுவில் இருக்கும் உரிமை சோதினை எடுக்கும் மூத்தவருக்கு. சின்னவர் மூத்தவரின் நிழலில் இருந்து வாய்ப்பாடு சொன்னார். அவர் சொன்னது புத்தகத்தைப் பார்த்தா பாராமலா என்பது யாருக்கும் தெரியாது. நித்திரை வந்தால் கால் வைக்கும் தண்ணீர்ச் சட்டி இவ்விளக்கோடு இணைந்த துணைக்கருவி.

மேசை பற்றிச் சுருங்கக் கூறின், அது படிப்புக்கென்று வாங்கப்பட்டு வேறெல்லாவற்றுக்கும் பயன்படுவது. ஸ்திரி போட்ட உடுப்பு, கல்யாணக் காட்டுகள், மருந்துப் போத்தல்கள் ஆகியன முன்னுரிமை பெறும். பிள்ளை பாயை விரித்து நிலத்தில் இருக்கும். மேசை உண்மையில் புழக்கத்தில் இருந்ததற்குத் தடயம், விளிம்பில் கவராயத்தால் தோண்டிய குழிகளும், நடுவே அண்ணனும் தங்கையும் பேனையால் கீறிய எல்லைக்கோடும். சுவரில் நேரசூசி ஒட்டப்பட்டிருத்தல் மரபு. அதைக் கீறி நிறந்தீட்டச் செலவாகும் நாள் அதில் கணக்கிடப்படுவதில்லை.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது இவ்விலக்கணம் முழுவதும் ஆட்டங்கண்டது. சிக்னல் கிடைத்த இடமே படிப்பிடமாயிற்று: கிணற்றடி, மதிலோரம், மொட்டைமாடி. காதுக்குள் கருவி செருகியிருந்ததால் கேட்பது ஆசிரியர் குரலா சினிமாப் பாட்டா எனக் குசினியால் பிரித்தறிய முடியவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்தபோது, பழைய ஜாம் போத்தலின் செய்முறையைப் பெற்றோர் பெருமையோடு எடுத்துரைத்தனர். ஊற்ற மண்ணெண்ணெய்தான் இல்லை.

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் படிப்பிடம் கலைக்கப்படும் என எதிர்பார்த்தல் தவறு. கொப்பிகள் யாருக்குப் போகும் என்பதைப் பெறுபேறே தீர்மானிக்கும்: நல்ல பெறுபேறென்றால் சொந்தக்காரர் வரிசையில் வருவர், இல்லையேல் ஒருவரும் கேட்பதில்லை. பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பதால், மேசையையும் நேரசூசியையும் ஒரு பிள்ளைக்கு மூன்று ஆண்டுகள் வரை அசைக்காமல் வைத்திருப்பது வழக்கம். மருந்துப் போத்தல்கள் மட்டும் இடையிலேயே திரும்பி வந்துவிடும்.