டாஸ்மாக் மச்சானுக்கு லண்டனிலிருந்து

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள மச்சானுக்கு,

அன்றைக்குப் போனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பட்டும் படாமலும் பதில் சொன்னதற்குக் காரணம் உண்டு. அக்கா பக்கத்தில்தான் இருக்கிறாள் என்பது உங்கள் குரலிலேயே தெரிந்தது.

"அவ்வளவு பெரிய ஊர்ல நல்ல பீர்க்கடைய எப்படிடா கண்டுபிடிக்கிறது?" என்று ஒரு குடிகாரர் கேட்டிருந்தால் இரண்டு கடையின் பெயரைச் சொல்லி முடித்திருப்பேன். ஒரு சொட்டுகூடத் தொடாமல் இத்தனை வருடமாக டாஸ்மாக்கில் மேற்பார்வையாளராக இருந்து கல்லாவையும் ஸ்டாக்கையும் காத்து வருகிறவர் கேட்டால் அது தொழில் கேள்வி. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அக்காவும் இதைத் தாராளமாகப் படிக்கலாம்.

முதலில் கூலிங் விஷயம். நம் பக்கம் பீர் நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, கூலிங்காக இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். இங்கே விஷயம் தெரிந்த ஆட்கள் தேடிப்போய்க் குடிக்கிற ஏல் என்ற பழைய பாணி பீர், 11 முதல் 13 டிகிரியில் வருகிறது. ஃபிரிட்ஜ் கெட்டுப்போகவில்லை, வேண்டுமென்றேதான் அப்படி. அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் நாக்கு மரத்துவிடுமாம், அப்புறம் நல்லதும் தெரியாது கெட்டதும் தெரியாது. இந்த ஏல் பீப்பாயில் ஈஸ்ட் உயிரோடு வந்து சேரும். கடைக்குக் கீழே இருக்கும் நிலவறையில் வைத்து அங்கேயே பக்குவப்படுத்துவார்கள். வெளியிலிருந்து கேஸ் ஏற்றுவது கிடையாது. கவுண்ட்டரில் உள்ள நீளமான கைப்பம்பை இழுத்து இழுத்து கிளாஸை நிரப்புகிறார்கள்.

இந்த முறையே அழிந்துபோக இருந்தது. பெரிய கம்பெனிகள் கேஸ் ஏற்றிய பீரைக் கடை கடையாகத் திணித்துக்கொண்டிருந்த காலத்தில், 1971இல் நாலு வாலிபர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். காம்ரா என்று பெயர். குடிக்காதே என்று சொல்லும் சங்கங்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இவர்கள் நல்லதாகப் பார்த்துக் குடி என்று சங்கம் வைத்தவர்கள்! 1974இலிருந்து நல்ல கடைகளைத் தொகுத்துப் புத்தகமும் போடுகிறார்கள். என் ஆபீஸில் ரிட்டயர்மென்டை நெருங்கிய ஒரு வெள்ளைக்காரர் அதைப் பஞ்சாங்கம் பார்க்கிற பக்தியோடு புரட்டுவார். நான் கற்றதெல்லாம் அவரிடம்தான்.

அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், பம்பை எண்ணாதே, வாயை எண்ணு. திறந்த பீப்பாய் மூன்று நாளுக்குள் தீர்ந்தாக வேண்டும், அதற்குமேல் புளிக்கத் தொடங்கிவிடும். பன்னிரண்டு பம்பும் மூன்று வாடிக்கையாளரும் இருக்கிற கடையில் கால் வைக்கவே கூடாது. நாலே பம்பு, நிற்க இடமில்லாத கூட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நுழையலாம். அப்படியும் புளித்து வந்துவிட்டால்? ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். மறுபேச்சில்லாமல் வேறு ஊற்றித் தருவார்கள். வாய் வைத்த சரக்கைத் திருப்பி வாங்குகிற கடை! உங்கள் ஸ்டாக் ரிஜிஸ்டரில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள் மச்சான்?

இன்னொரு சங்கதி, நம் கடற்கரைக்காரர்களுக்கானது. பாம்பன் பக்கம் கூரல் மீன் மாட்டினால் அதன் நெட்டிக்காக வியாபாரிகள் பெரிய விலை கொடுப்பார்கள் அல்லவா? இங்கே பீரைத் தெளிய வைப்பதற்குப் போடுவது அதே சாமான்தான், மீனின் காற்றுப்பை. அது ஈஸ்டை இழுத்துக்கொண்டு பீப்பாயின் அடியில் போய்ப் படிந்துவிடும். அதனால்தான் பால்கூடத் தொடாத என் ஆபீஸ் பையன் ஒருவன் கலங்கலான பீராகத் தேடிக் குடிக்கிறான். அவன் புண்ணியத்தில் கலங்கலாக இருப்பதே இப்போது ஒரு கௌரவம்.

இரண்டாவது பாடம், முதலாளி யாரென்று பார். நம் மாநிலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 2003இலிருந்து சில்லறைக் கடைக்கு ஒரே முதலாளி, உங்கள் சம்பளச் சீட்டில் இருப்பவர்தான். இங்கே ஒவ்வொரு பப்புக்கும் தனிப் பெயர், தனிப் படம், நூறு வருட முகப்பு எல்லாம் இருக்கும். ஆனால் பாதிக் கடைகள் ஏதாவது ஒரு பெரிய கம்பெனியின் சொத்து, அந்தக் கம்பெனி சொல்கிற சரக்கைத்தான் விற்க வேண்டும். பலகையில் ‘ஃப்ரீ ஹவுஸ்’ என்று இருந்தால் பிடித்த இடத்தில் கொள்முதல் செய்கிற கடை. கென்டிஷ் டவுன் பக்கம் சவுதாம்ப்டன் ஆர்ம்ஸ் என்று ஒன்று உண்டு. வாசலில் ‘ஏல், சைடர், மீட்’ என்று மூன்றே சொல். சின்னச் சின்ன பீர் ஆலைகளின் சரக்கும், பன்றிக்கறி வைத்த பன்னும்தான் வியாபாரம்.

கேனில் இருக்கும் படத்தைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. கேம்டன் டவுன் என்ற ஆலையை 2015இல் பட்வைசர்காரர்கள் வாங்கினார்கள். லெட் செப்பலின் பாடகர் ராபர்ட் பிளான்ட்டின் மகன் தொடங்கிய பீவர்டவுன் 2022இல் முழுசாக ஹைனகென் கைக்குப் போனது. லேபிளில் ‘சின்னக் கடை’ முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்காக முதலாளி மாறினாலே சரக்கு கெட்டுவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. சேரிங் கிராஸுக்குப் பக்கத்தில் தி ஹார்ப் என்ற ஒடுக்கமான பப், நாட்டிலேயே சிறந்த பப் என்ற காம்ராவின் பட்டத்தை லண்டனுக்கு முதன்முதலாக வாங்கித் தந்தது. 2014இல் அதை ஃபுல்லர்ஸ் கம்பெனி வாங்கியது. அந்த ஃபுல்லர்ஸும் 2019இல் தன் ஆலையை ஜப்பானின் அசாஹிக்கு விற்றுவிட்டது. இத்தனை கைமாறலுக்குப் பிறகும் ஹார்ப்பில் இழுக்கும் பைன்டில் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. நிலவறையைப் பார்த்துக்கொள்கிற ஆள் சரியாக இருந்தால் போதும் போலிருக்கிறது.

உங்களுக்கு அவசியம் காட்ட வேண்டிய இடம் பெர்மண்ட்சி. இங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி வெஸ்ட் ஹாமில் ஜூபிலி லைனுக்கு மாறினால் நேரே கொண்டுபோய் இறக்கிவிடும். 1836இல் திறந்த லண்டனின் முதல் ரயில் பாதை அங்கே மேலே போகிறது. தாங்கி நிற்பவை 878 செங்கல் வளைவுகள். அந்த வளைவுகளுக்குள்ளே வரிசையாக பீர் ஆலைகள், ஆலைக்குள்ளேயே பார். காய்ச்சிய இடத்துக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து குடிக்கலாம், தலைக்கு மேல் ரயில் தடதடவென்று போகும். 2009இல் தி கெர்னல் என்ற ஆலை தொடங்கிவைத்தது, சீஸ் வியாபாரத்திலிருந்து வந்த ஓர் அயர்லாந்துக்காரர் நடத்துவது. அவர்கள் பாட்டிலில் படமே கிடையாது. பழுப்புத் தாளில் பெயரை மட்டும் அச்சடித்து ஒட்டியிருப்பார்கள். உள்ளே இருப்பதற்கு விளம்பரம் தேவையில்லை என்பதில் எனக்கும் சம்மதம்.

இத்தனை ஆலைகள் முளைத்ததற்கு ஒரு காரணம் 2002 பட்ஜெட். கார்டன் பிரவுன் நிதியமைச்சராக இருந்தபோது, மிகச் சின்ன ஆலைகளுக்கு பீர் வரியைப் பாதியாகக் குறைத்தார். மதுவரியைக் குறைத்து ஒரு தொழில் வளர்ந்தது என்ற தகவலை உங்கள் மேலதிகாரிகள் காதில் போட்டுவிடாதீர்கள். உங்களை எங்காவது தூக்கி அடித்துவிடுவார்கள்.

ஒரே எச்சரிக்கை, சனிக்கிழமை மதியத்துக்குமேல் பெர்மண்ட்சிப் பக்கம் கல்யாண மாப்பிள்ளைக் கோஷ்டிகள் வேஷம் கட்டிக்கொண்டு வந்துவிடும். கதவு திறக்கும்போதே போய்விட வேண்டும்.

வெஸ்ட் ஹாமில் மாறாமல் டிஸ்ட்ரிக்ட் லைனிலேயே மேற்கே போனால் ப்ராம்லி-பை-போ என்று ஒரு ஸ்டேஷன் வரும். அந்தப் பக்கம் லீ ஆற்றங்கரையில் ஹாட்ஜ்சன் என்ற குடும்பத்தின் பீர் ஆலை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கிற துறை அங்கிருந்து கூப்பிடு தூரம். கப்பல் கேப்டன்கள் ஹாட்ஜ்சனிடம் நீண்ட தவணைக் கடனில் பீர் எடுத்து, சென்னையிலும் கல்கத்தாவிலும் இருந்த வெள்ளைக்காரத் துரைகளிடம் லாபத்துக்கு விற்றார்கள். 1820 வாக்கில் ஹாட்ஜ்சன் வாரிசுகளுக்குப் பேராசை வந்தது. கேப்டன்களுக்கு ஏன் லாபம் கொடுக்க வேண்டும், நாமே நேரடியாக விற்கலாம் என்று இறங்கினார்கள். கம்பெனி சும்மா இருக்குமா? 1822இல் பர்ட்டன் ஊரிலிருந்த ஆல்சாப் ஆலையைப் பிடித்து அதே மாதிரி காய்ச்சச் சொன்னது. பர்ட்டன் தண்ணீரில் இருந்த ஜிப்சம் அந்தக் கசப்பு பீருக்கு இன்னும் பொருத்தமாக அமைந்துவிட, ஹாட்ஜ்சன் வியாபாரம் படுத்தது. ஏஜென்டைப் பகைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வம்சத்து பீர்தான் இந்தியா பேல் ஏல். இன்றைக்கு எந்த கிராஃப்ட் பாருக்குப் போனாலும் அதுதான் முன்வரிசையில் நிற்கிறது. பைன்ட் ஏழு பவுண்டுக்கு. தாடி வைத்த ஒரு பையன் என்னிடமே "இது அந்தக் காலத்தில் இந்தியாவுக்குப் போன பீர், கொஞ்சம் கசக்கும், பரவாயில்லையா?" என்று அக்கறையாக விசாரித்தான். டெங்கு சமயத்தில் நிலவேம்புக் கஷாயத்துக்கு வரிசையில் நின்ற பரம்பரையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

ஆனால் கேட்டானே, அதுதான் நல்ல கடைக்கு அடையாளம். எதை வாங்குவது என்று தயங்கினால் சின்ன கிளாஸில் ஒரு வாய் ஓசியில் ஊற்றிக் கொடுப்பார்கள். முகம் சுளிக்காமல் கொடுத்தால் உட்காரலாம், சுளித்தால் அடுத்த கடைக்கு நடக்கலாம். கம்பிவலைக்குள் கையை நீட்டுகிற வேலை இங்கே இல்லை. எதற்கெடுத்தாலும் வரிசையில் நிற்கிற இந்த ஜனங்கள், பப் கவுண்ட்டரில் மட்டும் நிற்பதில்லை. அகலவாக்கில் சாய்ந்துகொண்டிருப்பார்கள். ஆனால் யார் முதலில் வந்தார், யார் அடுத்து என்பது எல்லோருக்கும் தெரியும். முந்தினால் யாரும் திட்ட மாட்டார்கள், பார்ப்பார்கள். திட்டே தேவலை.

நீங்களும் அக்காவும் வரும்போது வெள்ளிக்கிழமை இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். மறுநாள் காலை மேனர் பார்க் முருகன் கோயில், அது அக்காவுக்கு. அங்கிருந்து பெர்மண்ட்சி, உங்கள் தொழில் ஆய்வுக்கு. நீங்கள் எலுமிச்சை சோடா குடிக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சைடு டிஷ்தான் இங்கே பரிதாபம், உப்புப் போட்ட உருளை வறுவலோடு சரி. வளைவுக் கடைகள் பலவற்றில் வெளிச் சாப்பாட்டைத் தடுப்பதில்லை. அதனால் வரும்போது சாத்தூர் காராச்சேவு ஒரு கிலோ கொண்டுவாருங்கள். இரண்டு கிலோ என்றால் உங்கள் சோடா மொத்தமும் என் கணக்கு.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்