கும்பகம் செய்யும் கரப்பான்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்க ரோஜாப்பூக்களுக்கு நடுவே அறிவியலும் வரும். அனுப்புகிறவர் என் மனைவியின் மூத்த அண்ணன். ஓய்வுபெற்ற நாளிலிருந்து மனிதகுலத்தின் அறியாமை அவரைத் தூங்கவிடுவதில்லை. அன்று வந்த செய்தி இது: ‘கரப்பான் பூச்சி தண்ணீருக்கு அடியில் 40 நிமிடம் மூச்சை அடக்கும். மனிதா, உன்னால் முடியுமா?’

யானை, ஒட்டகம் என்றிருந்தால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். கரப்பான் என் இலாகா. சமையல், வங்கிக் கணக்கு, சொந்தபந்தம் எல்லாம் மனைவி கையில். ராத்திரி பத்து மணிக்கு மேல் குளியலறைச் சல்லடையிலிருந்து மீசையை நீட்டுகிறவர்களை மட்டும் என் பொறுப்பில் விட்டிருக்கிறாள்.

நான் செருப்பால் அடிக்கும் கட்சி இல்லை. கொல்வதிலும் ஒரு நாகரிகம் வேண்டும் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மை என்னவென்றால், செருப்போடு கிட்டே போனால் அது பறக்கும். பறந்தால் என் பக்கம்தான் வரும். அதனால் ஒட்டடைக் குச்சியால் தூர நின்றே தள்ளித் தள்ளி, சல்லடைக்குள் இறக்கி, மேலே ஒரு வாளி தண்ணீரை ஊற்றி மூழ்கடிப்பது என் முறை. மச்சான் சொல்வது நிஜமென்றால் என் சாதனைப் பட்டியல் முழுவதும் கீழே குழாய்க்குள் நலமாக இருக்கிறது என்று அர்த்தம். மனைவி ஃபார்வர்டைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்போ இத்தனை நாளா அதுங்களைக் குளிப்பாட்டிதான் அனுப்பியிருக்கீங்க.”

இதற்குப் பிறகு ஒரு ஆண்மகன் உண்மையைச் சரிபார்க்காமல் இருக்க முடியுமா?

வீட்டிலேயே நிபுணர் இருந்தாள். மகள் பதினொன்றாம் வகுப்பு. அவளுடைய விலங்கியல் புத்தகத்தில் மண்புழுவுக்கும் தவளைக்கும் நடுவில் கரப்பானுக்கு ராஜமரியாதை. “அப்பா, முதல்ல அதுக்கு மூக்கே கிடையாது” என்று ஆரம்பித்தாள். மார்பில் இரண்டு ஜோடி, வயிற்றில் எட்டு ஜோடி, ஆக பத்து ஜோடி சுவாசத் துளைகள். வேண்டும்போது திறக்கவும் வேண்டாதபோது மூடவும் கடை ஷட்டர் மாதிரி வால்வுகள். உள்ளே போகும் காற்றை மெல்லிய குழல்கள் நேராகத் திசுக்களிடமே கொண்டு சேர்த்துவிடும். ஆக்சிஜனைச் சுமக்கும் வேலை இரத்தத்துக்கு இல்லை. அதனால் அது சிவப்பும் இல்லை. தலையை வெட்டினாலும் சில நாள் உயிரோடு இருப்பது இதனால்தானாம். மூச்சு விடத் தலை தேவையே இல்லை. ஒரு குடும்பம் தலைவன் இல்லாமலும் நடக்கும் என்பதற்கு இவ்வளவு அசைக்கமுடியாத சான்று கிடைத்ததில் மனைவிக்கு ஏகத் திருப்தி.

சரி, அந்த 40 நிமிடம் எங்கிருந்து வந்தது? ஆஸ்திரேலியாவிலிருந்து. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. அவர்கள் எடுத்துக்கொண்டது நம் வீட்டுச் சிவப்புக் கரப்பான் அல்ல, சாம்பல் நிறத்தில் வேறோர் இனம். (நம் வீட்டுக்காரர் பெயர் அமெரிக்கக் கரப்பான், பூர்வீகம் ஆப்பிரிக்கா. அது தனிக்கதை.) சும்மா கிடக்கும் கரப்பான் எல்லாத் துளைகளையும் சாத்திக்கொண்டு நெடுநேரம் இருக்கும், பிறகு திறக்கும், மறுபடி சாத்தும். 40 நிமிடம் வரைகூட இப்படிப் போகும். ஏன் என்பதுதான் கேள்வி. காற்றின் ஈரப்பதத்தையும், ஆக்சிஜனையும், கரியமில வாயுவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். காற்று வறண்டபோது துளைகள் திறந்திருக்கும் நேரம் குறைந்தது. துளையைத் திறந்தால் உடம்பின் ஈரம் ஆவியாகிப் போய்விடும். அதைக் காப்பாற்றத்தான் இந்த அடைப்பு.

கவனித்தீர்களா, இதில் மூழ்கும் பேச்சே இல்லை. உலர்ந்த இடத்தில் ஓய்வாகக் கிடந்த ஒரு பூச்சியின் 40 நிமிடத்தை, ஆஸ்திரேலியாவிலிருந்து மச்சானுடைய போனுக்கு வரும் வழியில் யாரோ தண்ணீரில் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

இப்படித் தீர்ப்பெழுதி வெற்றிக்கொடி நாட்டிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தண்ணீருக்குள்ளும் அது சுலபத்தில் சாவதில்லை. அரைமணி வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் அது யோகியின் தவமல்ல. குழல்களில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் தீரத்தீரக் காலெல்லாம் துவண்டு மயங்கிவிடும். பார்த்தால் பிணம். வெளியே எடுத்துக் காயவிட்டால், முதலில் ஒரு மீசை அசையும், பிறகு ஒரு கால். இதை நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. மச்சானுக்குச் சாட்சி காட்டுவதற்காக, மூழ்கிக் கிடந்த ஒன்றை முறத்தில் ஏந்தி, பால்கனியில் பழைய செய்தித்தாள்மேல் மல்லாத்தி வைத்தேன். படமெடுக்கப் போனைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பியபோது செய்தித்தாள் மட்டும் இருந்தது. மிச்ச ராத்திரியைக் கட்டிலில் காலை மடக்கி வைத்துக்கொண்டு கழித்தேன்.

மூச்சை அடக்குவது என்றால் என்ன என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். ரத்த அழுத்தத்துக்காக யோகா வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். மாஸ்டர் “கும்பகம்” என்பார். பக்கத்துப் பாயில் எழுபது வயதுப் பாட்டி சிலையாகிவிடுவார். நான் பிரஷர் குக்கராகிவிடுவேன். ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் அல்ல, கரியமில வாயு சேர்வதால்தான் மனிதனுக்கு முதலில் அந்தத் தவிப்பு வருகிறதாம். அதையும் அடக்கி பிரான்சின் ஸ்டெஃபான் மிஃப்சூத் 2009இல் 11 நிமிடம் 35 விநாடி தண்ணீரில் கிடந்தார். முன்கூட்டியே தூய ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு குரோவேஷியாவின் புதிமிர் ஷோபாட் 2021இல் 24 நிமிடத்தைத் தாண்டினார். இவர்களெல்லாம் குழந்தைகள் என்னும்படி, குவியர் அலகுத் திமிங்கலம் ஒன்று அமெரிக்காவின் வட கரோலினாக் கடலில் 3 மணி 42 நிமிடம் முங்கியிருந்ததைக் கருவி பொருத்தி அளந்திருக்கிறார்கள். நுரையீரல் வைத்துக்கொண்டு, இரத்தத்திலும் தசையிலும் ஆக்சிஜனைச் சேமித்து, இரைக்காக ஆழத்துக்குப் போய் வருகிறதே, அதற்குப் பெயர் மூச்சடக்கம். கரப்பான் செய்வது வேறு. அது குளிர் இரத்தப் பிராணி. அசையாமல் கிடந்தால் ஆக்சிஜன் செலவே சொற்பம். ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்துக்கு ஆதரவாக இந்த வாதத்தை வீட்டில் வைத்துப் பார்த்தேன். எடுபடவில்லை.

எல்லாவற்றையும் திரட்டி, பத்தி பிரித்து, குழுவில் ஒரு மறுப்புக் கட்டுரையே போட்டேன். மச்சான் உடனே பதில் அனுப்பினார்: ‘தேள் ஆறு நாள் மூச்சடக்கும்!’ மற்றவர்கள் அவருக்குக் கை தட்டினார்கள்.

என் கட்டுரையைக் கடைசிவரை படித்த ஒரே ஆள் மனைவி. அதுவும் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். “காத்தைவிட அதுக்குத் தண்ணிதான் முக்கியம்னு நீங்களே எழுதியிருக்கீங்க?” ஆமாம் என்றேன், பெருமையாக. நம் வீட்டு அமெரிக்கக் கரப்பான் சாப்பாடில்லாமல் இரண்டு மூன்று மாதம்வரை ஓட்டிவிடும், தண்ணீரில்லாமல் ஒரு மாதம்தான் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம்.

இப்போது தினமும் ராத்திரி எல்லோரும் குளியலறையைப் பயன்படுத்தி முடித்த பிறகு, ரப்பர் வைப்பரோடு நான் உள்ளே போகிறேன். தரை, சுவர் ஓரம், வாளிக்கு அடி, சொட்டும் குழாய்க்குக் கீழே எல்லாம் காய வேண்டும். மகள் செல்போன் விளக்கோடு வந்து மூலைமூலையாக ஆய்வு செய்துவிட்டுத்தான் படுக்கப் போகிறாள்.

“கதவுக்குப் பின்னாடி ஈரம் இருக்குப்பா.”