கீழே பசி, மேலே அஜீரணம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காடு சேர்வராயன் கோயிலுக்குப் போனால் குனிந்த நிலையில் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். சேர்வராயனும் காவிரியம்மனும் இருக்கும் குகைக்குள் தலை இடிக்காமல் நுழையக் குனிபவர்கள் ஒரு வகை. வெளியே பரந்த மலை உச்சி வெளியில், வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்ப்பவர் இன்னொரு வகை. இவர்தான் அப்கிரேடு அண்ணன். பக்தியில் முன்னவர்களுக்கு இவர் இளைத்தவரில்லை.

வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சேலத்தில் சொந்தத் தொழில். வண்டி 350 சிசி, 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வருவதற்கு முன்பே வாங்கிய கார்ப்பரேட்டர் வண்டி. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் சிக்கல். நன்றாக ஓடுகிற வண்டியைப் பற்றி டீக்கடையில் எவ்வளவு நேரம் பேசிவிட முடியும்?

ஆயில் மாற்றப் போன இடத்தில் ஷோரூம் தம்பி ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உங்க பர்சனாலிட்டிக்கு இந்த வண்டி பத்தலைங்கண்ணா” என்றார். அண்ணன் அன்று வீடு திரும்பும்போது வண்டியில் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் இருந்தது. அடுத்த மாதம் பெரிய ஏர் ஃபில்டர். தீபாவளிக்கு போர் போட்டுப் பெரிய பிஸ்டன். இதற்கெல்லாம் ‘ஸ்டேஜ் ஒன்’, ‘ஸ்டேஜ் டூ’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வியாதிக்கும் இப்படித்தான் ஸ்டேஜ் சொல்வார்கள் என்பது அண்ணனுக்கு அப்போது உறைக்கவில்லை.

முதலில் வண்டிக்கு வந்தது பசி. ஃபில்டரும் சைலன்சரும் காற்றைத் தாராளமாக விட, கார்ப்பரேட்டரின் ஜெட் மட்டும் பழைய அளவிலேயே பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட்டாசு. திருகினால் ஒரு திக்கல். பிளக்கைக் கழற்றினால் விபூதி பூசியதுபோல் வெளுப்பு. ஷோரூம்காரர்கள் பெரிய ஜெட் போட்டுவிட்டார்கள். அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வரை வண்டி அமிர்தமாகப் போனது.

அண்ணன் கோரிமேட்டோடு நிற்கிறவரா? அடிவாரம் தாண்டி ஏற்காடு மலைப்பாதையில் ஏறினார். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதியிருக்கும். வண்டி எந்த வளைவில் என்ன செய்தது என்பதைப் பிற்பாடு எவரிடமும் துல்லியமாகப் புகார் சொல்ல இது பெரிய வசதி. ஒன்பதில் முனகல். பன்னிரண்டில் இருமல். பதினாலில் அண்ணி இறங்கி நடக்க ஆரம்பித்தார். பதினாறில், இரண்டு பக்கமும் மிளகு மூட்டை கட்டிய ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் இவர்களை முந்திப் போனது. ஓட்டியவர் போகிற போக்கில் “பெட்ரோல் தீந்துருச்சுங்களா?” என்று விசாரித்ததை அண்ணன் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

இதில் மாயமில்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைந்த உயரம். சேர்வராயன் கோயில் 1,600 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி சேலத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைகிற அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்கக் கார்ப்பரேட்டருக்குத் தெரியாது. சேலத்துக்கு அளந்து வைத்த பெரிய ஜெட், மேலே போனதும் அஜீரணம். பிளக் கரி பிடித்துக் கறுத்துவிடும். கார்ப்பரேட்டருக்குப் பதில் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் உள்ள புது வண்டிகளில் சென்சார் காற்றழுத்தத்தைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளும். ஆனால் அந்த வண்டிகளை அண்ணன் ‘கம்ப்யூட்டர்’ என்று சொல்வார், ஏதோ கெட்ட வார்த்தையைச் சொல்கிற முகபாவத்தோடு.

இன்னொன்றும் உண்டு. ஸ்டேஜ் ஒன்றுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஷோரூம் ஏற்றிக்கொடுத்த பலம் எவ்வளவு இருக்கும்? நல்லபடியாக வேலை நடந்திருந்தால்கூடப் பத்தில் ஒரு பங்கு வந்தால் அதிகம். அதை மலை தன் எட்டில் ஒரு பங்காகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ரசீது கூடத் தருவதில்லை.

திங்கட்கிழமை ஷோரூம். சர்வீஸ் அட்வைசர் தம்பி போன மாதம் வரை செல்போன் கடையில் இருந்தவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜாப் கார்டில் ‘பிக்கப் இல்லை’ என்று இரண்டே வார்த்தை எழுதினார். அண்ணன் விடவில்லை. வளைவு வாரியாக எழுதச் சொன்னார். ஒன்பது, பன்னிரண்டு, பதினாலு. அண்ணி நடந்ததையும் சேர்க்கச் சொன்னார். “அதுக்கு கார்டுல கட்டம் இல்லீங்கண்ணா” என்றார் தம்பி.

மாலையில் வண்டி தயார். “ஓட்டிப் பாத்தாச்சுங்கண்ணா, சூப்பரா இருக்கு.”

“எங்க ஓட்டினீங்க?”

“அஞ்சு ரோடு வரைக்கும்.”

“மலை எங்க இருக்கு, அஞ்சு ரோடு எங்க இருக்கு?”

“மலைக்கெல்லாம் டெஸ்ட் ரைடு அப்ரூவல் இல்லீங்கண்ணா. ஓட ஓட செட் ஆயிரும்.”

ஓட ஓட செட் ஆகும் என்பதை நம்பி ஓட்டினால் செட் ஆவது வண்டியல்ல, நாம்தான். அண்ணன் மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றார். மேனேஜர் கண்ணாடி அறைக்குள் இருந்து, ஏசி குளிரோடு வெளியே வந்தார். விற்கும்போது ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று இருந்த அதே சாமான்கள் இப்போது அவர் வாயில் ‘ஆல்டரேஷன்’ ஆகிவிட்டன. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்றார். பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தின்படி உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஜெயிலும் உண்டு. பிஸ்டனை மாட்டிய நாளில் இந்தச் சட்டம் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. ஒருவேளை சர்வீஸுக்கு விட்டிருக்கலாம்.

அண்ணனும் சட்டம் படித்தவர்தான். “கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன். 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே கிடையாது, தெரியுமில்ல?” என்றார். சொன்னது சரி. ஆனால் போக மாட்டார். வழக்குப் போட்டால் வண்டியைப் பரிசோதனைக்கு விட வேண்டிவரும். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது? அதோடு, உள்ளூர அவருக்கு இந்தச் சண்டை பிடித்துப்போய்விட்டது. டீக்கடையில் இப்போது பேச விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. பெஞ்சில் அவருக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஏற்காடு போகிற இளைஞர்கள் அவரிடம் வந்து ஜெட் அளவு கேட்கிறார்கள். அவரும் கீழே போகும்போது பெரியது, மேலே போகும்போது சின்னது என்று சட்டைப்பையில் இரண்டு ஜெட் வைத்துக்கொண்டு, அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி மாற்றிக்கொள்கிறார். இதை அந்த ஷோரூமே இலவசமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அண்ணன் அவமானப்பட்டிருப்பார்.

போன மாதம் வண்டியை விற்பதாக முடிவு செய்தார். ஸ்டேஜ் த்ரீக்குப் பணம் வேண்டும், அதற்கு வேறு வண்டி வேண்டும். ‘சிங்கிள் ஓனர், முழுக்க ஷோரூம் சர்வீஸ்’ என்று விளம்பரம். இரண்டுமே பொய்யில்லை. வாங்க வந்த தம்பி கோரிமேடு வரை ஓட்டிவிட்டு முகம் மலரத் திரும்பினார்.

“சும்மா பிச்சுக்குதுங்கண்ணா. மலையெல்லாம் ஏறுமில்லீங்களா?”

“வாராவாரம் ஏற்காட்டுலதான் தம்பி நிக்கும்.”

அண்ணன் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, ஜெட் இரண்டையும் ஒரு காகிதத்தில் மடித்து அவர் பையில் வைத்தார். அப்புறம்தான் எந்த ஊர் என்று விசாரித்தார்.

“ஊட்டிங்கண்ணா.”