மந்தகதியாரும் துரிதகதியாரும்: வீட்டுச் சார்ஜ் குறித்து ஓர் ஆய்வு

பரனூர் முதல் கடல்மல்லை என்னும் மாமல்லபுரம் வரை மின்சாரக் கார் வைத்திருக்கும் குடிகள், வீட்டில் சார்ஜ் போடும் வேகத்தை முன்னிட்டு இரு சமயத்தாராகப் பிரிந்து கிடக்கின்றனர். பதினைந்து ஆம்ப் பிளக்கில் செருகி, 3.3 கிலோவாட்டில் சொட்டுச் சொட்டாக ஏற்றினால்தான் பேட்டரிக்குத் தீர்க்காயுள் என்பது மந்தகதியார் துணிபு. சுவரில் 7.2 அல்லது 11.2 கிலோவாட் பெட்டியை மாட்டிவிட்டுத் தூங்கப் போகிறவர் துரிதகதியார். அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களில் இவர்கள் நடத்தும் வாதம், தண்ணீர் லாரிக்கு யார் பணம் தரவில்லை என்ற பழைய வழக்கையே பின்னுக்குத் தள்ளிவிட்டது. எனவே ஆய்வு அவசியமாயிற்று.

களத்தேர்வுக்குக் காரணம் உண்டு. மகிந்திராவின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியில்தான் இருக்கிறது. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான பிஇ 6 காரை, அதிலும் பெரிய பேட்டரி வகையை, சான்றுப்பொருளாகக் கொள்வோம். கொள்ளளவு 79 கிலோவாட் மணி, ஈ.பி. பாஷையில் 79 யூனிட். காலியிலிருந்து நிரம்ப, பதினைந்து ஆம்ப் பிளக்கில் ஒரு முழு நாள் ஆகும், 7.2 பெட்டியில் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டி, 11.2-இல் எட்டு. மந்தகதியாரை நடுங்கவைக்கும் அந்த 11.2 கூட, மணிக்குக் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்குதான். முழுக் கொள்ளளவையும் ஒரு மணிக்குள் திணிக்கப் பார்க்கும்போதுதான் சூடும் சங்கடமும் தலைகாட்டும். அது நெடுஞ்சாலை டிசி சார்ஜரின் வேலை. அங்கே இதே கார் 175 கிலோவாட் வரை விழுங்கும்.

இனி முக்கியச் சான்று. விடிய விடிய 3.3-இல் ஏற்றிய அன்பர் காலையில் ஜி.எஸ்.டி. சாலையில் போகிறார். முழு மிதி மிதித்தால் மோட்டார் 210 கிலோவாட் வரை கேட்கும். பரனூர் சுங்கச்சாவடியில் வரிசையைக் கண்டு காலை எடுக்கிறார். உடனே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, ஓடிய வேகத்தை மின்சாரமாக்கிப் பத்து, இருபது கிலோவாட்டாகப் பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது. சில விநாடிதானே என்பார். மெய்தான். ஆயினும் ராத்திரி பூராவும் காத்த விரதம் டோல்கேட்டில் முறிகிறது.

அடுத்தது எண்பது சதவீதச் சிக்கல்: பேட்டரி நலம் கருதி 80-இலேயே ஏற்றுவதை நிறுத்த வேண்டுமா என்பது. பூதத்தாழ்வார் அவதரித்த கடல்மல்லையில் இதற்கு உவமை தேடி அலைய வேண்டாம். வைணவத்தில், குட்டியே தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்ற குரங்கு நியாயம் வடகலைக்கு. தாயே கவ்விக்கொண்டு போகும் என்ற பூனை நியாயம் தென்கலைக்கு. காரிலேயே வரம்பு வைக்கும் வசதி இருந்தும் நடுநிசிக்கு அலாரம் வைத்து எழுந்துபோய் 80-இல் பிடுங்குபவர் குரங்குக்குட்டி. பேட்டரியை மேய்க்கும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று கிடப்பவர் பூனைக்குட்டி. நிக்கல் கலந்த பேட்டரிக்கு முன்னவர் நெறியில் நியாயம் உண்டு. சான்றுப்பொருளில் இருப்பதோ லித்தியம் இரும்பு பாஸ்பேட். 1990-களில் டெக்சாஸில் விஞ்ஞானி குட்எனஃப் குழு கண்டது. இதற்கு அத்தனை கெடுபிடி தேவையில்லை. பாதியிலும் முக்காலிலும் இதன் வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றே என்பதால், அவ்வப்போது நூறு வரை ஏற்றினால்தான் சதவீதக் கணக்கே நேராகும். நூறு ஏற்றிவிட்டு அக்னி நட்சத்திரத்தில் வெட்டவெளியில் நாள்கணக்காக நிறுத்துவதை மட்டும் எந்த நியாயமும் காப்பாற்றாது. வெண்ணெய் உருண்டைப் பாறை அந்த வெயிலைத் தாங்கும், லித்தியம் தாங்காது.

உண்மையில் இந்த வழக்கில் நோயாளி பேட்டரியே அல்ல, பிளக். மிக்சிக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் பழகிய சாக்கெட், ராத்திரி முழுக்க ஒரே பிடியாகப் பதினாலு ஆம்பியர் தர வேண்டியிருக்கிறது. கடற்காற்றில் பிளக்கின் பின்கள் கறுத்து, பிடி தளர்ந்துவிட்டால் அந்த இடம் சூடேறும், பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு இளகும். போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாவிட்டால் கழற்றிவிட்டு, மீட்டர் பாக்ஸிலிருந்து தனி ஒயர் இழுக்க ஆள் தேடுங்கள். மந்தகதிக்கு இன்னொரு செலவும் உண்டு: சார்ஜ் ஏறும்வரை காரின் கணினிகளும் விழித்திருக்கும், அதற்குச் சில நூறு வாட் போகும். எட்டு மணி விழிப்பா, ஒரு நாள் விழிப்பா என்பதில் ஈ.பி. கார்டுக்கு அபிப்பிராயம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்று 2016-இல் வந்த இலவசம், இந்தக் காருக்கு ஒரு தடவை நிரப்பினாலே ஏறக்குறையக் காலி.

கடைசியாக எர்த். எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். வேகமா மந்தமா என்ற பேச்சுக்கே இடமில்லை. கோடையில் காய்ந்த கடற்கரை மணல் மின்சாரத்தை எளிதில் வாங்காது. ஆகவே குழி தோண்டிக் கரியும் உப்பும் கொட்டி, சித்திரை வைகாசியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். உப்பு முதலா, கரி முதலா என்பதில் எலக்ட்ரீஷியன்களிடையே பாடபேதம் உண்டு. கரியும் உப்பும் அடுக்கடுக்காக மாறி மாறி என்பார் பெரும்பாலோர்.