மூடித் திறப்பியல்: கும்மிடிப்பூண்டிச் சாலையை முன்வைத்து

காரின் எஞ்சினைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். டயருக்கும் ஆய்வாளர் உண்டு. பெட்ரோல் போடும் வாயை மறைத்து நிற்கும் அந்த உள்ளங்கை அகலக் கதவுக்கு மட்டும் தமிழில் ஒரு பக்க ஆராய்ச்சியும் என் கண்ணில் படவில்லை. அக்குறையை நீக்குவது இக்கட்டுரையின் நோக்கம். வெளியே தகடாக இருப்பதைக் கதவு என்றும், உள்ளே திருகிக் கழற்றுவதை மூடி என்றும் இங்கே வழங்குவோம். பெட்ரோல் பங்கில் இரண்டுக்கும் மூடி என்றே பேர். ஆய்வுலகில் பாதிச் சண்டை இப்படித்தான் தொடங்குகிறது.

களம் கும்மிடிப்பூண்டி வட்டாரம். காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சென்னையின் ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒரு பகுதி, தேசிய நெடுஞ்சாலை 16 என்று பலகையிலும் ஜி.என்.டி. ரோடு என்று வாயிலும் வழங்கும் சாலையில் வடக்கே கிளம்பும். ஆந்திராவில் பெட்ரோல் விலை அதிகம். ஆகவே எளாவூர் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கமே டேங்கை நிரப்பிக்கொள்வார்கள். ஆனால் இந்தப் பக்கத்துப் பங்குகள் சிப்காட்டின் இரும்பு ஆலைகளில் கம்பி ஏற்றும் டிரெய்லர்களைப் பார்த்துப் பழகியவை. கோடி ரூபாய்க் கார் அங்கே நுழைவது, பெரிய மனிதர் வீட்டு மாப்பிள்ளை கறிக்கடை வரிசையில் நிற்பது போலிருக்கும்.

வழியில் சோழவரம் இருப்பதையும் கணக்கில் கொள்க. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல்லாண்டு பந்தயம் நடத்தியது, பிறகுதான் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. ஆகவே 'இந்த ஊருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன சம்பந்தம்' என்பார் கூற்று இத்துடன் மறுக்கப்பட்டது.

இனி மூலக் கொள்கைக்கு வருவோம். காரில் மற்றதையெல்லாம் உரிமையாளர் தானே தொடுவார். இந்தக் கதவைத் திறப்பது மட்டும் வேறொருவர். நம் ஊரில் பெட்ரோலைத் தானே போட்டுக்கொள்ளும் வழக்கம் இல்லை. திறக்கும் வித்தை தெரிந்தவர் ஏசி போட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். தெரியாத பங்குத் தம்பி பெட்ரோல் கன்னைக் கையில் பிடித்து வெளியே நிற்கிறார். இடையில் ஏற்றிய கண்ணாடி. கதவுச் சிக்கல்கள் பெரும்பாலும் இந்தக் கண்ணாடியிலிருந்தே பிறக்கின்றன என்பது என் துணிபு.

சான்று காட்டுகிறேன். போர்ஷே 911-க்கு எஞ்சின் பின்னால். பெட்ரோல் வாயோ முன்புற வலது மட்காட்டில். தம்பி வழக்கப்படி பின்பக்கம் போய் இரண்டு புறமும் தடவிப் பார்க்கிறார். உரிமையாளர் உள்ளிருந்து கையை முன்னே காட்டுகிறார். தம்பி அதை 'வண்டியை முன்னே எடுக்கட்டுமா' என்று புரிந்துகொண்டு, 'வாங்க சார், வாங்க சார்' என்கிறார். ஒருவழியாகக் கதவு கண்டுபிடிக்கப்பட்டு அழுத்தப்படுகிறது. திறக்கவில்லை. பல ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்தக் கதவுக்குத் தனிப் பூட்டு கிடையாது. காரின் மற்றக் கதவுகளைப் பூட்டினால் இதுவும் பூட்டிக்கொள்ளும். ஓட்டம் பிடித்ததும் தானாகப் பூட்டிக்கொள்ளும் கார்களும் உண்டு. உரிமையாளர் லாக்கை எடுக்கும்வரை தம்பி எத்தனை அழுத்தினாலும் பயனில்லை. அழுத்துவதோ விரலால் அல்ல, உள்ளங்கையால். பெயிண்ட் போவதும் கீல் வளைவதும் இந்த இடைவெளியில்தான்.

எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு மட்டும் உலகம் ஒரு விடை கண்டிருக்கிறது. 1986-இல் ஃபோர்டு கம்பெனி ஊழியர் ஜிம் மொய்லன், கொட்டும் மழையில் தவறான பக்கம் நிறுத்தி நனைந்தபின், பெட்ரோல் முள்ளருகே ஓர் அம்புக்குறி போடலாமே என்று ஆபீசுக்குக் குறிப்பு எழுதினார். 1989 மாடல்களில் அது வந்தது. பெரும் அறிஞர். ஆனால் அவர் அம்பு ஓட்டுநர் பார்க்கும் இடத்தில் இருக்கிறது, தம்பிக்குத் தெரியாது. முன்பக்கமா பின்பக்கமா என்றும் அது சொல்லாது.

திருவள்ளூர் ஆலை இத்துறைக்குப் பெரிய சாட்சி. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-இல் அங்கே மிட்சுபிஷி லான்சர் செய்யத் தொடங்கியது. ஓட்டுநர் சீட்டருகே ஒரு லீவர். இழுத்தால் கதவு 'டக்' என்று தானே எழும்பும், அக்கால ஜப்பான் கார்களின் வழக்கம். அதே ஆலையிலிருந்து 2022-இல் சிட்ரோயன் சி3 வந்தது. அதில் பெட்ரோல் மூடிக்குச் சாவி போட வேண்டும். 24 ஆண்டில் இத்தனை முன்னேற்றம் என்று சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். சாவி போட வேண்டுமென்றால் எஞ்சினை அணைத்தாக வேண்டும், கண்ணாடியை இறக்கியாக வேண்டும், தம்பியிடம் ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் செய்வோர் இதைக் கவனிப்பது நல்லது.

அடுத்து 'ரவுண்ட்' என்னும் கொடிய வழக்கம். கன்னின் நுனியருகே சிறு ஓட்டை ஒன்று உண்டு. பெட்ரோல் ஓடும்போது அதன் வழியே காற்று உறிஞ்சப்படும். டேங்க் நிரம்பி ஓட்டை அடைபட்டால் உறிஞ்சும் விசை கூடி விசைப்பிடி தானே விடுபடும். அந்த 'டக்' சத்தம்தான் முடிவு. ஆனால் மீட்டரில் 4,963 ரூபாய் நிற்கிறது. 'ரவுண்ட் பண்ணிடட்டா சார்?' என்கிறார் தம்பி. சில்லறைத் தொல்லை என்று உரிமையாளரும் தலையாட்டுகிறார். அந்த முப்பத்தேழு ரூபாய்ப் பெட்ரோலில் கொஞ்சம் ஆவி பிடிக்கும் கரிப்பெட்டிக்குள் போய் அதைக் கெடுக்கும். கொஞ்சம் கழுத்தில் வழிந்து கதவின் ரப்பரை ஊறவைக்கும். ஊறிய ரப்பரில் இரும்புத் தூசி ஒட்டும். மறுமுறை கதவு முனகும். ஜிபே வந்தபிறகும் ரவுண்ட் ஒழியாதது தனி ஆய்வுக்குரியது.

ஒட்டிக்கொண்ட கதவுக்குப் பரிகாரம்: ஸ்க்ரூடிரைவரை மற. முதலில் லாக்கை எடு. ஒருவர் லீவரையோ பட்டனையோ பிடிக்க, மற்றவர் கதவின் விளிம்பை மெல்ல உள்ளே அழுத்தி விடுக. அப்போதும் வராவிட்டால் அவசரக் கயிறு இருக்கிறதா பார்; டிக்கியின் உள்தட்டிலோ கதவு நிலையிலோ பல கம்பெனிகள் ஒளித்து வைத்திருக்கும். எங்கே என்பது கார் கையேட்டில் இருக்கும். கையேடு வீட்டில் இருக்கும்.

இறுதியாகக் கொக்கி. கதவின் உட்புறத்தில் ஒரு சிறு பள்ளமோ கொக்கியோ பல கார்களில் இருக்கிறது. கழற்றிய மூடியை அதில் மாட்டவேண்டும். மாட்டாவிட்டால் மூடி தன் வாரில் தொங்கி ஆடி, பெட்ரோல் சொட்டோடு பாடியில் கீறல் போடும். அந்தக் கொக்கி எதற்கு என்று உரிமையாளர்கள் சிலரை விசாரித்தேன். குதிரைத்திறனைச் சொன்னார்கள், நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் தொடும் என்பதைத் தசமப் புள்ளியோடு சொன்னார்கள். கொக்கியைப் பற்றி மட்டும், 'தம்பியைக் கேளுங்க சார், அவர்தானே திறக்கிறார்' என்றார்கள்.